ஹெவி வொர்க்கும் வேர்க்குருவும்

போன வைகாசியில் அக்கா மகளுக்கு மதுரையில் கல்யாணம். தாய்மாமன் சீரில் முகூர்த்த ப்ளவுஸும், ரிசப்ஷனுக்குப் போட எம்ப்ராய்டரி செய்த ஜூத்தியும் என் கணக்கு. ப்ளவுஸை வாங்கப் போனபோது தைத்துக் கொடுத்த அம்மா பெருமையாக விரித்துக் காட்டினார்: "நல்லா ஹெவியா வந்திருக்கு பாருங்க சார்." நானும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். அந்த 'ஹெவி'தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணின் நடு முதுகு முழுக்க வேர்க்குரு. பாதத்தின் மேல்பக்கம் சிவந்து தடித்திருந்தது. மறுவீட்டு விருந்தில் அவள் சாய்ந்து உட்காரவே இல்லை. வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "பட்டு அப்படித்தான், மூச்சு விடாது" என்றார் ஒரு சித்தி. "காட்டன்ல தெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் பெரியம்மா. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாங்கிக் கொடுத்தவன் நான்தானே!

அந்த ப்ளவுஸை உள்பக்கம் திருப்பிப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவுளி நான் படித்த துறை இல்லை. ஆனால் பக் எங்கே என்று தேடுவது இருபது வருஷப் பழக்கம். தேடியதில் கிடைத்தது இது: நாம் துணியைக் குற்றம் சொல்கிறோம், துணிக்கு மேலேயும் கீழேயும் நாம் ஏற்றி வைத்ததை யாரும் கேட்பதில்லை.

'மூச்சு விடும் துணி' என்றால் என்ன?

கடைக்காரர், ஆன்லைன் விளம்பரம், நாம் எல்லாருமே இந்தச் சொல்லைச் சொல்கிறோம். ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, காற்று ஊடுருவுவது. குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு துணி வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளப்பார்கள். இதற்கு ஐ.எஸ்.ஓ. 9237 என்ற தரமுறை இருக்கிறது. இதில் இழையின் ஜாதியைவிட நெசவின் இடைவெளிதான் பெரிது. நெருக்கமாக நெய்த பருத்தி பாப்ளினை விட, தளர்வாக நெய்த பாலியஸ்டர் வலைத்துணி அதிகக் காற்றை விடும்.

இரண்டு, நீராவி வெளியேறுவது. இதற்கு ஐ.எஸ்.ஓ. 11092. சூடாக்கிய, தோல்போல 'வியர்க்கிற' தகட்டின் மேல் துணியைப் போட்டு அளக்கிற முறை. காற்றும் ஆவியும் ஒன்றில்லை என்பதற்கு நல்ல உதாரணம் கோர்-டெக்ஸ் மழைச் சட்டை. அது காற்றைத் தடுக்கும், மழைத்துளியைத் தடுக்கும், ஆனால் ஆவியை விடும்.

மூன்று, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது. 100 கிராம் உலர்ந்த இழை சாதாரணக் காற்றிலிருந்து எத்தனை கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஜவுளி வணிகத்தில் ஏற்றுக்கொண்ட எண்கள் உண்டு. பருத்தி 8.5, பட்டு 11, லினன் 12, பாலியஸ்டர் வெறும் 0.4.

பட்டு பருத்தியைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். சித்தியின் தீர்ப்பு இங்கேயே அடிபட்டுப் போகிறது. பெரியம்மாவுடையதும் முழுசாக நிற்காது. பருத்தி உறிஞ்சும்தான், ஆனால் உறிஞ்சியதை லேசில் விடாது. சொட்டச் சொட்ட நனைந்த கனமான காட்டன் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் காயாமல் இருக்கும் என்பது பஸ்ஸில் ஆபீஸ் போகிற எல்லாருக்கும் தெரியும். விளையாட்டு வீரர்களின் பாலியஸ்டர் டீ-ஷர்ட் வேலை செய்வதும் இதனால்தான். இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. இழைகளுக்கு நடுவிலான நுண்ணிய சந்துகள் வியர்வையை இழுத்து வெளிப்பரப்பில் பரப்பி விடுகின்றன, அது சீக்கிரம் காய்கிறது.

வியர்வை குளிர்விப்பது ஆவியாகும்போது மட்டும்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். வழிந்து சொட்டினால் எதையும் கொண்டுபோகாது, புடவையை நனைப்பதோடு சரி. ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'இது காட்டனா?' என்பது மட்டும் இல்லை. 'தோலில் இருக்கும் ஈரம் வெளியே போக வழி இருக்கிறதா?' என்பதும்தான்.

சீரியலும் பேரலலும்

ப்ளவுஸுக்கு வருவோம். உள்ளிருந்து வெளியே எண்ணினேன். முதலில் பளபளப்பான சாட்டின் லைனிங். ஒரு நூலை எரித்துப் பார்த்தேன், உருகிக் கறுப்பு மணியாக உருண்டது, பாலியஸ்டர். அடுத்து இஸ்திரிச் சூட்டில் ஒட்டுகிற ஃபியூசிங் கேன்வாஸ். கழுத்து வடிவம் தொய்யாமல் நிற்க இது. அதற்கு மேல் முடிச்சு அவிழாமல் இருக்கத் தடவிய ஃபேப்ரிக் க்ளூ, காய்ந்து கண்ணாடி மாதிரி. பிறகுதான் ரா சில்க். அதன் மேல் ஆரி சங்கிலித் தையல், ஜர்தோசிச் சுருள், சர்க்கரை மணி, கல், டிசைன் புடைத்துத் தெரியக் கீழே வைத்த பேடிங்.

எஞ்சினியரிங் முதல் வருஷத்தில் படித்தது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அடுக்குகள் சீரியலில் இணைத்த ரெசிஸ்டர்கள். தடை கூடிக்கொண்டே போகும். அதில் எது பெரிசோ அதுதான் மொத்தத்தைத் தீர்மானிக்கும். நாலு அடுக்கில் மூன்று மல்மலாக இருந்தாலும், நாலாவது பசை தடவிய படலமாக இருந்தால் கதை முடிந்தது. நான் ரா சில்க்குக்குக் கொடுத்த பணமெல்லாம், அடைத்துப்போட்ட ஜன்னலுக்கு வெளியே மாட்டிய நல்ல திரைச்சீலைக்குக் கொடுத்த பணம்.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடங்கள் பேரலல். ஒரு பூ முழுக்க அடைபட்டிருந்தாலும் பக்கத்திலேயே வெறும் துணி இருந்தால் ஆவி அந்த வழியாகப் போய்விடும். பூவுக்குப் பூ இடைவெளி விட்டால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். இடைவெளியே இல்லாமல் முதுகு முழுக்க நிரப்பினால் போக வழியில்லை.

சரி, எந்த இடத்தை நிரப்புகிறோம்? இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்மித், ஹேவனித் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்யும்போது உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு வியர்க்கிறது என்று உறிஞ்சும் பட்டைகளை வைத்து அளந்தார்கள். பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. அதிகம் வியர்த்த இடங்கள்: மேல்முதுகின் நடுப்பகுதி, குதிகால், பாதத்தின் மேல்பக்கம், மார்பின் நடு. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மேல்முதுகின் நடுவில்தான் 'பேக் நெக் டிசைன்' என்று மயிலும் யானையும் கோபுரமும் உட்கார்ந்திருக்கின்றன. பாதத்தின் மேல்பக்கம்தான் ஜூத்தியின் பூவேலை. உடம்பு எங்கே கதவு வைத்திருக்கிறதோ, பார்த்துப் பார்த்து அங்கேயே பூட்டுப் போட்டிருக்கிறோம்.

லக்னோ சிக்கன் என்ன செய்தது?

வெயில் ஊரில் எம்ப்ராய்டரியே கூடாது என்று சொல்ல வருகிறேனோ என்று நினைக்க வேண்டாம். கோடையில் நெருப்பாய்க் கொதிக்கிற லக்னோவில்தான் சிக்கன்காரி வளர்ந்தது. அதை வெறும் 'அழகான வெள்ளை வேலைப்பாடு' என்று பார்த்தால் பாதிதான் பார்க்கிறோம்.

அதில் பக்கியா என்று ஒரு தையல். மெல்லிய துணியின் பின்பக்கம் நூலைக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டுவார்கள். முன்பக்கம் அது நிழலாகத் தெரியும். துணி மெலிசாக இல்லாவிட்டால் நிழல் தெரியாது. அதாவது, காற்றோட்டமான துணி இல்லாமல் இந்த அழகே பிறக்காது. ஃபந்தா, முர்ரி என்பவை தானியமணி அளவிலான குட்டி முடிச்சுகள். சுற்றிலும் துணி வெறுமையாக இருந்தால்தான் அவை எடுபடும். எனக்கு ரொம்பப் பிடித்தது ஜாலி. நூலை வெட்டாமல், உருவாமல், ஊசியால் பாவையும் ஊடையையும் விலக்கி இறுக்கிக் கட்டி, துணியிலேயே சின்னச் சின்னச் சாளரங்களைத் திறப்பார்கள். அலங்காரமே காற்றுவழியாகிவிடுகிறது. வேலை முடிந்தபின் துவைக்கும்போது, டிசைனுக்காக அச்சுக்கட்டையால் பதித்த சாயமும் போய்விடும். துணியில் மிஞ்சுவது நூல் மட்டும்தான்.

2008-ல் லக்னோ சிக்கனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடையில் சிக்கன் குர்தி என்று எடுத்தால் ஜார்ஜெட் நிறையவே வருகிறது. காரணம் புரிகிறது. கசங்காது, சுருங்காது, உடம்பில் வழிந்து நிற்கும், பக்கியாவின் நிழலும் அதில் நன்றாகவே தெரியும். அது விஸ்கோஸ் ஜார்ஜெட்டாக இருந்தால் ஈரம் உறிஞ்சும், பரவாயில்லை. பாலியஸ்டராக இருந்தால் பழைய 0.4 கதைதான். மெலிசு என்பதால் உள்ளே ஒரு பாலியஸ்டர் லைனிங்கும் சேர்ந்தால் சீரியலில் இன்னொரு ரெசிஸ்டர். மேலே சிக்கன், உள்ளே ரெயின்கோட்.

அடர்த்தியான வேலை என்றாலே தப்பு என்றும் சொல்ல முடியாது. நம் நீலகிரியில் தோடர்கள் செய்கிற எம்ப்ராய்டரியைப் பாருங்கள். முரட்டுப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூலால் நெருக்கமாக நிரப்புவார்கள். 2013-ல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. ஊட்டிக் குளிரில் போர்த்திக்கொள்கிற போர்வைக்கு அந்த அடர்த்தி கதகதப்பு. அதே அடர்த்தியை மதுரை வைகாசியில் முதுகில் ஏற்றினால் வேர்க்குரு.

'ஹெவி' என்கிற விலைப்பட்டியல்

என் புகார் துணி மீதும் இல்லை, ஆரி வேலை மீதும் இல்லை. 'ஹெவி' என்ற சொல் பாராட்டாக மாறிப்போனதன் மீதுதான். சிம்பிள், மீடியம், ஹெவி, பிரைடல் என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. எதை வைத்து? எவ்வளவு துணி மறைந்திருக்கிறது என்பதை வைத்து. வெறுமையாக விட்ட இடத்துக்கு விலை கிடையாது. நன்றாக இடைவெளி விட்டுச் செய்கிற கைக்காரரிடம் "என்னம்மா, காலியா இருக்கே?" என்று கேட்கிற முதல் ஆள் நம் வீட்டு ஆள்தான்.

இந்தக் கணக்கு இரண்டு பேருக்கு நஷ்டம். போட்டுக்கொள்கிறவளுக்கு முதுகு எரிகிறது. செய்கிறவருக்குத் திறமைக்குக் கூலி இல்லை, நிரப்பியதற்குத்தான் கூலி. லக்னோவைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டிலிருந்தே சிக்கன் தைக்கும் பெண்கள் பெரும்பாலும் இடைத்தரகர் வழியாக உருப்படிக் கூலிக்குத்தான் வேலை செய்கிறார்கள். அந்தக் கணக்கில், கண்ணைக் கெடுத்துக்கொண்டு பொறுமையாக ஜாலி திறப்பதைவிடப் பெரிய பெரிய இலையாக ஓட்டிவிடுவதே லாபம். நல்ல தையல் மெதுவாகச் செத்துப்போவது இப்படித்தான்.

மெஷின் எம்ப்ராய்டரியில் இது எண்ணாகவே தெரியும். பரப்பை நிரப்பும் தையலில் வரிக்கு வரி இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் சதுரத்தை நிரப்ப 250 வரிகள், அதாவது மேல்நூல் மட்டும் 25 மீட்டர். அடியில் பாபின் நூல் தனி, அடித்தளத் தையல் தனி. அந்த நூல் பாலியஸ்டராக இருந்தால், காட்டன் குர்தாவில் உங்கள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலியஸ்டர் அட்டை தைத்த மாதிரி. லேபிளில் என்னவோ '100 சதவீதம் காட்டன்' என்றுதான் இருக்கும்.

இதைவிட முக்கியம் பின்னால் வைக்கிற பேக்கிங். இதில் மூன்று வகை. வெட்டிவிடுவது: ஓரத்தை மட்டும் வெட்டுவார்கள், தையலுக்குப் பின்னால் இருப்பது அப்படியே நிற்கும். கிழித்தெடுப்பது: வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வந்துவிடும், தையலுக்குள் கொஞ்சம் மிஞ்சும். தண்ணீரில் கரைவது: அலசினால் போய்விடும். டீ-ஷர்ட் போன்ற இழுபடும் பின்னல் துணிக்கு முதல் வகை வேண்டியிருக்கிறது. ஆபீஸில் கொடுக்கிற டீ-ஷர்ட்டில் கம்பெனி லோகோவுக்குப் பின்னால் நெஞ்சில் குத்துகிற அந்த வெள்ளை அட்டை இதுதான். மெல்லிய வாயில், மல்மல் துணிக்கு, வேலை லேசாக இருந்தால் கரைவதையே கேட்கலாம். கடையில் நாம் யாரும் கேட்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

காலுக்கு வருவோம்

ஜூத்தி கதை இன்னும் மோசம். பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்துப் பழைய ஜூத்தி தோலால் ஆனது. தாவரப் பொருளால் பதனிட்ட தோல், பருத்தி நூல் தையல், தோல் மேலேயே ஜரிகை வேலை. இடது வலது வித்தியாசம்கூட இருக்காது. போடப் போட அந்தந்தக் காலுக்கு வளைந்துகொடுக்கும். அந்தத் தோல் வியர்வையை வாங்கிக்கொள்ளும், கழற்றி வைத்தால் காயும். வாயும் அகலமாகத் திறந்திருக்கும்.

நான் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தேன். மேலே ரா சில்க், அழகான எம்ப்ராய்டரி. அது பசையால் ஒட்டியிருந்தது ரெக்ஸின் மேல். உள்ளே மெத்தென்று ஃபோம், அதற்கு மேல் இன்னொரு ரெக்ஸின். கால்படும் இடம் முழுக்கப் பிளாஸ்டிக். மேலே பட்டு இருந்தால் என்ன, பாலியஸ்டர் இருந்தால் என்ன? கால் அதைத் தொடவே இல்லை. காலணியில் பார்க்க வேண்டியது உள்பக்கம்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

சீனாவின் பழைய துணிச் செருப்பை இதோடு ஒப்பிடலாம். பழைய துணிகளை மாவுப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, சணல் போன்ற நார்நூலால் நெருக்கித் தைத்த அடிப்பாகம். மேலே பருத்தித் துணி, அதில் பூவேலை. மழையில் தாங்காதுதான். ஆனால் அடியிலிருந்து மேல்வரை ஈரம் உறிஞ்சுகிற பொருள். நடுவில் எங்கேயும் பிளாஸ்டிக் சுவர் கிடையாது.

எம்ப்ராய்டரி போட்ட கேன்வாஸ் ஷூ வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஷூவில் குதிகால் பகுதியும் விரல் முனையும் வடிவம் நிற்க ஏற்கெனவே விறைப்பு வைத்து அடைத்தவை. பூவேலை அங்கே இருந்தால் புதிதாக நஷ்டம் ஒன்றும் இல்லை. மேல்பாதத்திலும் பக்கவாட்டிலும் துணியை வெறுமையாக விட்ட ஜோடியை எடுங்கள். சட்டைக்கும் இதே விதிதான். காலர், பட்டன் பட்டி, கைமுனை, கீழ்ஓரம் எல்லாம் ஏற்கெனவே மடித்துத் தைத்த இடங்கள். ஓரங்களில் வேலைப்பாடு வைக்கிற பழைய வழக்கத்தில் அழகோடு இந்த நியாயமும் இருக்கிறது.

ஒரு டம்ளர் சோதனை

வீட்டிலேயே பார்க்கலாம். டம்ளரில் வெந்நீர் ஊற்றி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு விரல் உயரத்தில் குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தட்டில் பனித்தால் ஆவி வருகிறது. லைனிங், கேன்வாஸ், மேல்துணி எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கிப் பாருங்கள். அப்புறம் ஒரு துண்டு ரெக்ஸினைக் கட்டிப் பாருங்கள். வித்தியாசம் சொல்லாமலே தெரியும். இன்னொன்று, உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே பரவினால் நல்லது. முத்து மாதிரி உருண்டு நின்றால் ஒரு தடவை துவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். புதுத்துணியின் கஞ்சியும் பூச்சும்கூட அப்படி நிறுத்தும். அதற்குப் பிறகும் உருண்டால் அதை லைனிங்காக வைக்காதீர்கள்.

வருகிற ஆவணியில் அக்காவின் சின்ன மகளுக்குக் கல்யாணம். சீர் மறுபடியும் என் தலையில்தான். இந்தத் தடவை பட்டியலோடு போனேன்: லைனிங்குக்கு டூ பை டூ காட்டன், ஃபியூசிங் கழுத்து ஓரத்துக்கு மட்டும், முதுகில் க்ளூ வேண்டாம், வேலை முழுக்கக் கையிலும் கழுத்தைச் சுற்றியும், நடு முதுகில் இடைவெளி விட்டுச் சின்னப் புட்டா. தைக்கிற அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்யலாம் சார், ஆனா பார்க்கக் காலியா இருக்கும்" என்றார். சின்னவளும் அதையேதான் சொன்னாள்: "மாமா, போட்டோல ஒண்ணுமே தெரியாது." பக்கத்தில் இருந்த பெரியவள் முந்திக்கொண்டாள். "போட்டோ அஞ்சு நிமிஷம்டீ. மேடையில அஞ்சு மணி நேரம் நிக்கணும்."

கடைசியில் பேசி முடிந்தது இப்படி: முதுகில் மயில் ஒன்று உண்டு, ஆனால் தோகை விரிக்காத மயில். கூலி மட்டும் ஹெவி கணக்கிலேயே தருவதாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். காலியாக விடுகிற இடத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி.